வேர் போனால் பூவும் போகும்: இமயக் காடுகளின் வசந்த மலர்கள் மறைவது ஏன்?

சிம்லா: இமயமலையின் மேற்குப் பகுதியில் பனி உருகத் தொடங்கும் ஏப்ரல், மே மாதங்களில், தேவதாரு, ஃபர், ஓக் மரங்களின் அடியில் ஒரு சிறு செடி தலை காட்டுகிறது. ஒரே தண்டு, அதன் உச்சியில் மூன்று இலைகள், அவற்றின் நடுவே ஊதா கலந்த பழுப்பு நிறத்தில் ஒரே ஒரு பூ. இமாச்சலப் பிரதேச மக்கள் இதனை 'நாக சத்ரி' என்று அழைக்கின்றனர். 'நாகத்தின் குடை' என்பது அதன் பொருள்.

இந்தச் செடியைப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் (ஐயூசிஎன்) 2020ஆம் ஆண்டு 'அழியும் ஆபத்தில் உள்ளது' என வகைப்படுத்தியது. மரம் வெட்டுதலோ வேட்டையோ இதற்குக் காரணம் அல்ல. மண்ணுக்குள் இருக்கும் விரலளவுக் கிழங்குக்குச் சந்தையில் கிடைக்கும் விலையே முதன்மைக் காரணம்.

நாக சத்ரியின் நிலை தனித்த ஒன்று அல்ல. இமயக் காடுகளின் தரையில் வசந்த காலத்தில் பூக்கும் பல செடிகள் ஒன்றன்பின் ஒன்றாக இதே வழியில் குறைந்து வந்துள்ளன. இந்த மலர்கள் யாவை, அவை ஏன் இவ்வளவு எளிதில் அழிகின்றன, அவற்றைக் காக்க என்ன வழி என்பதை விரிவாகப் பார்க்கலாம்.

பலரும் காணாத பூக்காலம்

இமயமலையின் பூக்கள் என்றதும் பெரும்பாலோர் நினைவுக்கு வருவது உத்தராகண்டில் உள்ள பூப்பள்ளத்தாக்கு. 1982இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இப்பகுதி, 2005இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் இடம்பெற்றது. அங்கு பூக்கள் நிறைந்திருப்பது ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில். மழைக்காலத்தில், மர எல்லைக்கு மேலே உள்ள திறந்த புல்வெளிகளில் அவை மலர்கின்றன.

காட்டுக்குள் நிகழும் பூக்காலம் அதற்கு முன்பே வந்துபோய்விடுகிறது. பனி விலகிய ஈர மண்ணில் பிரிமுலா, வயலட், அனிமோன், கோரிடாலிஸ், இமயமலை மே ஆப்பிள், நாக சத்ரி ஆகியவை சில வாரங்களுக்குள் பூத்து முடிக்கின்றன. சுற்றுலாப் பயணிகள் மலையேறும் முன்னரே பல பூக்கள் உதிர்ந்துவிடுவதால், இவை குறித்த பொது விழிப்புணர்வும் குறைவாகவே உள்ளது.

வசந்த வனமலர்கள் என்பவை யாவை?

காட்டுத் தரையில் வாழும் செடிகளுக்கு மிகப்பெரிய தடை நிழல். மேப்பிள், வால்நட், குதிரைச் செஸ்ட்நட், பூர்ஜம் போன்ற இலையுதிர் மரங்கள் குளிர்காலத்தில் வெறுமையாக நிற்கின்றன. அவை மீண்டும் இலை விடுவதற்கு முன் உள்ள சில வாரங்களில் மட்டுமே முழு வெயில் தரையைத் தொடுகிறது. அந்தக் குறுகிய இடைவெளியைப் பயன்படுத்திக்கொள்ளும் செடிகளே வசந்த வனமலர்கள். பசுமைமாறாக் காடுகளில் மரங்களுக்கு இடையே உள்ள வெளிகளிலும், காட்டின் ஓரங்களிலும், பனி உருகிய ஈரத்தை நம்பி இவை வளர்கின்றன.

இத்தனை குறுகிய காலத்தில் தண்டும் இலையும் பூவும் விட வேண்டுமானால் சேமிப்பு வேண்டும். அந்தச் சேமிப்பு மண்ணுக்கடியில் உள்ள கிழங்கிலோ தடித்த வேரிலோ இருக்கிறது. முந்தைய ஆண்டு இலைகள் தயாரித்த உணவே இந்த ஆண்டின் பூவாக வெளிப்படுகிறது. எனவே, இச்செடிகளின் உயிர்நிலை கிழங்கில்தான் உள்ளது. மருந்துச் சந்தை தேடுவதும் அதே கிழங்கைத்தான் என்பதே இதில் உள்ள சிக்கல்.

காட்டுக்கு இவை செய்யும் பணியும் சிறிதல்ல. பனி உருகும்போது மண்ணிலுள்ள சத்துகள் நீருடன் அடித்துச் செல்லப்படும். மரங்கள் அப்போது இன்னும் விழித்திருக்காது. அந்த நேரத்தில் சத்துகளை உறிஞ்சித் தம்மில் தேக்கி, பின்னர் வாடி மட்கும்போது மண்ணுக்கே அவற்றைத் திருப்பித் தருபவை வசந்த மலர்ச் செடிகள். அமெரிக்காவின் ஹப்பர்ட் புரூக் காட்டில் நடந்த ஆய்வை அடிப்படையாகக் கொண்டு 1976இல் அறிவியலாளர்கள் முன்வைத்த இந்தக் கருத்து, 'வசந்த அணை' என்ற பெயரால் அறியப்படுகிறது. குளிர்காலம் கழிந்து வெளிவரும் பம்பிள் தேனீக்களுக்குக் கிடைக்கும் தொடக்க கால உணவும் இப்பூக்களிலிருந்தே கிடைக்கிறது.

நாக சத்ரி: அவசரம் அறியாத செடி

தாவரவியலில் 'ட்ரில்லியம் கோவானியானம்' எனப்படும் நாக சத்ரி, பாகிஸ்தானிலிருந்து இந்தியா, நேபாளம் வழியாகப் பூடான் வரை, சுமார் 2,500 முதல் 3,800 மீட்டர் வரையிலான உயரத்தில் காணப்படுகிறது. இந்தியாவில் ஜம்மு-காஷ்மீர், இமாச்சலப் பிரதேசம், உத்தராகண்ட் ஆகிய பகுதிகளின் மலைக்காடுகளில் இது பரவியுள்ளது.

இதன் உறவுச் செடியான வெள்ளை ட்ரில்லியம், கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தின் அதிகாரபூர்வ மலராக 1937 முதல் இருந்து வருகிறது. ஒரே இனத்தைச் சேர்ந்த இரு மலர்களில் ஒன்று மாகாணச் சின்னமாகவும், மற்றொன்று மூட்டைகளில் கடத்தப்படும் சரக்காகவும் இருப்பது குறிப்பிடத்தக்கது.

ட்ரில்லியம் இனச் செடிகள் மிக மெதுவாக வளர்பவை. பூ கருவுற்ற பின் உருவாகும் கனி முற்றுவதற்குக் கோடைக்காலம் முழுவதும் தேவைப்படுகிறது. விதையுடன் ஒட்டியிருக்கும் கொழுப்புச் சத்துள்ள சதைத் துணுக்கைத் தேடி வரும் எறும்புகள், விதையைத் தூக்கிச் சென்று தம் புற்றருகே விட்டுவிடுகின்றன. இதுவே இவ்வினத்தின் முக்கியப் பரவல் முறை. எறும்பு நடக்கும் தூரமே விதை செல்லும் தூரம் என்பதால், ஒரு சரிவில் அழிந்த செடி, அடுத்த சரிவிலிருந்து விரைவில் வந்து சேராது.

மண்ணில் விழுந்த விதை உடனே முளைப்பதில்லை. முதல் குளிர்காலத்துக்குப் பின் வேர் மட்டும் வெளிவருவதும், இரண்டாவது குளிர்காலத்துக்குப் பின்னரே தளிர் தரைக்கு மேல் எழுவதும் இவ்வினத்தில் பொதுவாகக் காணப்படும் இயல்பு. அதன் பின்னும் முதல் பூவைத் தரப் பல ஆண்டுகள் ஆகும். ஆண்டுதோறும் தண்டு உதிர்ந்த தழும்பு கிழங்கில் பதிவதால், அத்தழும்புகளைக் கொண்டு செடியின் வயதை மதிப்பிட முடியும். ஆண்டுக்கணக்கில் வளர்ந்த அந்தக் கிழங்கைத் தோண்டியெடுக்க ஒரு சிறு மண்வெட்டியும் ஒரு நிமிடமும் போதும்.

கிழங்குக்கு ஏன் இத்தனை கிராக்கி?

நாக சத்ரியின் கிழங்கில் ஸ்டீராய்டு வகை மருந்துகளுக்கு மூலப்பொருளாகப் பயன்படும் டயோஸ்ஜெனின் உள்ளிட்ட சேர்மங்கள் உள்ளன. உள்ளூர் வைத்தியத்தில் சிறிய அளவிலேயே பயன்பட்டு வந்த இச்செடிக்கு, கடந்த சுமார் 15 ஆண்டுகளில் வெளிச்சந்தையில் தேவை திடீரெனப் பெருகியது. உலர்ந்த கிழங்கு கிலோவுக்குப் பல ஆயிரம் ரூபாய் வரை விலைபோவதாகக் கூறப்படுகிறது. இமாச்சலின் பல மாவட்டங்களில் நாக சத்ரி மூட்டைகளைக் காவல் துறையும் வனத் துறையும் பறிமுதல் செய்யும் செய்திகள் அவ்வப்போது வெளியாகின்றன.

இது புதிய கதையும் அல்ல. டயோஸ்ஜெனினுக்காக இமயமலையில் முதலில் தோண்டப்பட்டது 'டயோஸ்கோரியா டெல்டாய்டியா' என்ற காட்டு வள்ளிக்கிழங்கு. கருத்தடை மாத்திரை உள்ளிட்ட ஹார்மோன் மருந்துகளின் உற்பத்தி பெருகிய காலத்தில் இது பெருமளவில் சேகரிக்கப்பட்டது. 1975இலேயே, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் 'சைட்டிஸ்' உடன்படிக்கையின் இரண்டாம் இணைப்பில் இது சேர்க்கப்பட்டது.

அடுத்த எடுத்துக்காட்டு, 'பன் ககடி' என அழைக்கப்படும் இமயமலை மே ஆப்பிள். பனி உருகும் வேளையில் குடை போன்ற இலைகளுடன் எழுந்து, வெளிர் சிவப்பும் வெண்மையும் கலந்த பூவைத் தரும் செடி இது. இதன் வேரிலுள்ள போடோஃபைலோடாக்சினிலிருந்து, நுரையீரல் புற்றுநோய், விரைப் புற்றுநோய் ஆகியவற்றின் சிகிச்சையில் பயன்படும் எட்டோபோசைடு மருந்து உருவாக்கப்படுகிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துகள் பட்டியலில் உள்ள மருந்து அது. ஓர் உயிரைக் காக்கும் மருந்தின் மூலப்பொருள் காட்டிலிருந்து அகற்றப்பட்ட வேகத்தால், 1990இல் இச்செடியும் சைட்டிஸ் இரண்டாம் இணைப்பில் இடம்பெற்றது.

ஒரு செடி அரிதானதும் வணிகம் அடுத்த செடியை நோக்கி நகர்கிறது. பட்டியல்களோ பெரும்பாலும் அதன் பின்னரே வருகின்றன. காடுகளில் இருந்து சேகரித்து ஏற்றுமதி செய்யத் தடை விதிக்கப்பட்ட 29 தாவர வகைகளின் பட்டியலை மத்திய அரசு 1998இல் வெளியிட்டது. அதில் காட்டு வள்ளியும் மே ஆப்பிளும் இருந்தன. அக்காலத்தில் பெரிய சந்தை இல்லாத நாக சத்ரி அதில் இடம்பெறவில்லை.

எதை எடுக்கிறார்கள், எப்போது எடுக்கிறார்கள்?

மலைக்காட்டில் செடி சேகரிப்பது எல்லாமே அழிவுக்கு வழிவகுப்பதில்லை. எந்தப் பகுதி எடுக்கப்படுகிறது, எந்த மாதத்தில் எடுக்கப்படுகிறது என்ற இரு கேள்விகளுக்கான விடையே பாதிப்பைத் தீர்மானிக்கிறது.

'பனஃப்ஷா' எனப்படும் காட்டு வயலட்டை எடுத்துக்கொள்ளலாம். வசந்த காலத்தில் இமாச்சல், உத்தராகண்ட் கிராமங்களில் பெண்களும் சிறுவர்களும் இதன் ஊதாப் பூக்களைப் பறித்து உலர்த்துகின்றனர். சளி, இருமலுக்கான கஷாயத்தில் இது சேர்கிறது. பூவை மட்டும் பறிக்கும்போது செடி உயிருடன் நிற்கிறது. வயலட் இனச் செடிகள் பல, வசந்தம் கழிந்த பின் திறவாத சிறு பூக்களை உருவாக்கி, அவற்றின் வழியாகவும் விதை தருகின்றன. ஆகவே, அளவோடு பறித்தால் அடுத்த ஆண்டும் பூ கிடைக்கும். முழுச் செடியையும் வேருடன் பிடுங்கும் வழக்கம் புகும்போதுதான் கணக்கு மாறுகிறது.

நாக சத்ரியின் நிலை இதற்கு நேர்மாறானது. அதில் விலைபோவது கிழங்கு மட்டுமே. கிழங்கை எடுத்தால் செடி மீளாது. மேலும், இலையுதிர் காலத்தில் இலையும் தண்டும் வாடி மறைந்த பின், கிழங்கு எங்கே இருக்கிறது என்பதைக் கண்டறிவது கடினம். இதனால் செடி கண்ணுக்குத் தெரியும் கோடையிலேயே, பூத்த நிலையிலோ காய்த்த நிலையிலோ தோண்டப்படுகிறது. விதை முற்றி உதிர்வதற்கு முன்பே தாய்ச்செடி போய்விடுவதால், ஒரே வீச்சில் இரண்டு தலைமுறைகள் இழக்கப்படுகின்றன.

பெரிய கிழங்குக்கே விலை அதிகம் என்பதால் முதலில் மறைவதும் விதை தரும் வயதை எட்டிய செடிகளே. எஞ்சியிருக்கும் இளஞ்செடிகள் பூக்கப் பல ஆண்டுகள் ஆகும் நிலையில், மறுமுறை அதே இடத்துக்கு வருபவர் அவற்றையும் எடுத்துச் சென்றால் அந்தச் சரிவில் அச்செடியே இல்லாமல் போகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

1927ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டம், காட்டில் உள்ள மரமல்லாத செடிகளையும் அவற்றின் பாகங்களையும் 'வன விளைபொருள்' என்றே வரையறுக்கிறது. எனவே, காப்புக் காடுகளில் அனுமதியின்றி அவற்றை அகற்றுவது குற்றம். வன விளைபொருட்களை எடுத்துச் செல்ல மாநில விதிகளின்படி போக்குவரத்து அனுமதிச் சீட்டும் தேவை.

2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டத்தின் 38ஆவது பிரிவு, அழிவின் விளிம்பில் உள்ள இனங்களை மாநில அரசுகளின் ஆலோசனையுடன் அறிவித்து, அவற்றைச் சேகரிப்பதைத் தடை செய்யவோ ஒழுங்குபடுத்தவோ மத்திய அரசுக்கு அதிகாரம் அளிக்கிறது. அதே சட்டத்தின் 41ஆவது பிரிவின்படி உள்ளாட்சி அளவில் உயிரியல் பன்முகத்தன்மை மேலாண்மைக் குழுக்கள் அமைக்கப்பட வேண்டும். தங்கள் பகுதியில் உள்ள செடி, கொடி, விலங்குகளைப் பதிவேட்டில் ஆவணப்படுத்துவது இக்குழுக்களின் பணிகளில் ஒன்று.

மறுபுறம், 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், மரபாகச் சேகரித்து வரும் சிறு வன விளைபொருட்கள் மீது வனவாழ் மக்களுக்கு உரிமை வழங்குகிறது. மூலிகைகளும் வேர், கிழங்குகளும் இதில் அடங்கும். ஆகவே, 'யாரும் எதையும் தொடக்கூடாது' என்று பொத்தாம்பொதுவாகக் கூறிவிட முடியாது. உரிமையும் பாதுகாப்பும் ஒருங்கே செல்ல வேண்டிய இடம் இது.

பிரிட்டனின் அணுகுமுறை ஒப்பிடத்தக்கது. அங்கு 1981ஆம் ஆண்டின் வனவிலங்கு மற்றும் கிராமப்புறச் சட்டப்படி, நில உரிமையாளரின் அனுமதியின்றி எந்தக் காட்டுச் செடியையும் வேருடன் பிடுங்குவது குற்றம். வசந்த காலத்தில் காட்டுத் தரையை நீலமாக்கும் புளூபெல் மலரின் கிழங்குகள் தோட்டங்களுக்காகத் தோண்டி விற்கப்பட்டதால், 1998இல் காட்டுப் புளூபெல்லை விற்பதற்கும் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. வேர் அகற்றுதலையும் விற்பனையையும் அச்சட்டம் தனித்தனியே குறிவைக்கிறது.

தடை மட்டும் போதுமா?

இமாச்சலின் குல்லு மாவட்டத்தில் உள்ள பேரிமயத் தேசியப் பூங்காவின் அனுபவம் இக்கேள்விக்கு ஓரளவு விடை தருகிறது. 1999இல் அப்பூங்கா இறுதியாக அறிவிக்கப்பட்டபோது, சுற்றியுள்ள கிராம மக்கள் அதனுள் மூலிகைகளையும் 'குச்சி' எனப்படும் விலையுயர்ந்த காட்டுக் காளானையும் சேகரிப்பதும், கால்நடைகளை மேய்ப்பதும் முடிவுக்கு வந்தன. அந்த வருமானத்தை நம்பியிருந்த குடும்பங்களிடையே இது எதிர்ப்பை உண்டாக்கியது. பின்னர், பெண்களின் சேமிப்புக் குழுக்கள், மண்புழு உரத் தயாரிப்பு, சூழல் சுற்றுலா போன்ற மாற்று வழிகள் அங்கு முன்னெடுக்கப்பட்டன. 2014இல் அப்பூங்கா யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

பூங்கா எல்லைக்கு வெளியே உள்ள காடுகளே பரப்பில் பெரியவை. அங்கு தோண்டுபவர் பெரும்பாலும் கோடைக்கால வருமானத்துக்காகக் காட்டுக்குச் செல்லும் ஏழைக் கிராமவாசி. விலையில் பெரும்பங்கு இடைத்தரகர்களையும் வெளியூர் வியாபாரிகளையும் சென்றடைகிறது. மூட்டை சுமந்தவரை மட்டும் பிடிப்பதால் கிழங்குக்கான தேவை குறைவதில்லை. யார் வாங்குகிறார், எங்கே செல்கிறது என்ற தடம் வெளிப்படாதவரை, ஒரு பள்ளத்தாக்கில் கண்காணிப்பு இறுகினால் வணிகம் அடுத்த பள்ளத்தாக்குக்கு நகரும்.

சாகுபடி ஒரு தீர்வா?

இமாச்சலின் லாஹௌல் பகுதி விவசாயிகள், 'குத்' எனப்படும் கோஷ்டம் மூலிகையை 1920களிலிருந்தே வயல்களில் பயிரிட்டு வருகின்றனர். காட்டில் அருகிய செடி, வயலில் பணப்பயிரானதற்கு இது சான்று. எனினும், காட்டில் உள்ள கோஷ்டம் இன்னும் ஆபத்திலேயே உள்ளது. சைட்டிஸ் உடன்படிக்கையின் மிகக் கடுமையான முதல் இணைப்பில் அது 1985 முதல் இருந்து வருகிறது. வயலில் விளைந்தது எது, காட்டில் தோண்டியது எது என்பதைப் பிரித்தறியும் சான்றிதழ் முறை வலுவாக இல்லையென்றால், சாகுபடி என்ற பெயரே காட்டுச் சரக்குக்குப் போர்வையாகிவிடக் கூடும்.

நாக சத்ரியில் கூடுதல் சிரமமும் உண்டு. விதை முளைக்கவே இரண்டு குளிர்காலங்கள் தேவைப்படும் செடியை, ஆண்டுதோறும் வருமானம் எதிர்பார்க்கும் விவசாயி எளிதில் ஏற்க மாட்டார். சிம்லாவில் உள்ள இமயமலை வன ஆராய்ச்சி நிறுவனம், பாலம்பூரில் உள்ள இமயமலை உயிர்வளத் தொழில்நுட்ப நிறுவனம் போன்றவை மலை மூலிகைகளின் இனப்பெருக்க முறைகளை ஆராய்ந்து வருகின்றன. அம்முயற்சிகள் வயலைச் சென்றடையும்வரை, காட்டில் எஞ்சியுள்ள செடிகளே விதைக்கான ஒரே வைப்பு.

தீயும் மாறும் பருவமும்

வசந்த மலர்களின் நெருக்கடிக்கு வணிகம் மட்டுமே காரணம் அல்ல. உத்தராகண்டில் பிப்ரவரி 15 முதல் ஜூன் 15 வரை காட்டுத் தீக் காலமாகக் கருதப்படுகிறது. பூக்கும் காலமும் அதுவே. தீயின் பெரும்பகுதி தாழ்வான பைன் காடுகளில் ஏற்பட்டாலும், வறண்ட ஆண்டுகளில் அது மேலேறி ஓக் காடுகளின் தரைச் செடிகளையும் கருக்குகிறது.

பனிப்பொழிவு குறைவதும் கவலை தருகிறது. உத்தராகண்டின் மாநில மரமான 'புரான்ஸ்' வழக்கத்துக்கு முன்பாகவே, சில ஆண்டுகளில் ஜனவரியிலேயே பூப்பதாகச் செய்திகள் வருகின்றன. உயரமான மரத்தின் செம்பூக்கள் கண்ணில் படுவதால் இம்மாற்றம் பேசப்படுகிறது. காட்டுத் தரையில் உள்ள சிறு பூக்கள் முன்னதாக மலர்ந்து, பின்னர் வரும் உறைபனியில் கருகினால் அதைக் கவனிப்பவர் குறைவு.

என்ன செய்யலாம்?

முதலாவது, மலர்களை அவை வாழும் இடத்திலேயே காப்பது. இதற்கான முன்மாதிரி தென்னிந்தியாவில் உள்ளது. 1993 முதல் தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் ஆகிய மாநிலங்களின் வனத் துறைகளுடன் இணைந்து, பெங்களூரைச் சேர்ந்த உள்ளூர் சுகாதார மரபுகளுக்கான அறக்கட்டளை, மூலிகைப் பாதுகாப்புப் பகுதிகளை உருவாக்கியது. பெரிய பூங்காவாக இல்லாமல், மூலிகைகள் செறிந்த சிறு காட்டுப் பகுதிகளைத் தேர்ந்து காக்கும் அம்முறை பின்னர் உத்தராகண்ட் உள்ளிட்ட பிற மாநிலங்களுக்கும் விரிவடைந்தது. எறும்பின் துணையால் மட்டும் பரவும் செடிகளுக்கு இத்தகைய சிறு விதைக்காடுகள் பள்ளத்தாக்குதோறும் தேவை.

இரண்டாவது, காலமும் அளவும் குறித்த ஊர்க் கட்டுப்பாடு. உத்தராகண்டில் 1931 முதல் இயங்கிவரும் வன பஞ்சாயத்துகள், கிராம மக்களே தங்கள் காட்டை நிர்வகிக்கும் அமைப்புகள். விதை உதிரும்வரை எவரும் தோண்டக் கூடாது, ஓரிடத்தில் எடுத்தால் சில ஆண்டுகள் அவ்விடத்தை விட்டுவைக்க வேண்டும், இளஞ்செடிகளைத் தொடக் கூடாது போன்ற விதிகளை நடைமுறைப்படுத்த அத்தகைய அமைப்புகளே ஏற்றவை. ஏற்கெனவே அழிவின் விளிம்புக்குச் சென்றுவிட்ட பகுதிகளில் சேகரிப்பை முழுமையாக நிறுத்துவது தவிர வேறு வழியில்லை.

மூன்றாவது, வாங்குபவரின் பொறுப்பு. மூலிகை நிறுவனங்கள் தாம் வாங்கும் கிழங்கு எந்த வயலில், யாரால் விளைவிக்கப்பட்டது என்பதற்கான ஆவணத்தைக் கோருவது, காட்டில் நூறு காவலர்களை நிறுத்துவதற்கு ஈடான பலனைத் தரக்கூடியது.

மலையேற்றப் பயணிகளுக்கும் பங்கு உண்டு. ஏப்ரல் முதல் ஜூன் வரை காட்டுப் பாதையை விட்டு விலகாமல் நடப்பது, பூவைப் பறிக்காமல் படம் மட்டும் எடுப்பது, அரிய செடி உள்ள துல்லியமான இடத்தைச் சமூக ஊடகங்களில் பகிராமல் தவிர்ப்பது ஆகியவை எளிய உதவிகள். தோண்டிய குழிகள் வரிசையாகத் தென்பட்டால் அருகிலுள்ள வனச் சரக அலுவலகத்துக்குத் தெரிவிக்கலாம்.

வெட்டப்பட்ட மரம் அடிமரத்தையேனும் விட்டுச் செல்கிறது. தோண்டப்பட்ட நாக சத்ரியின் குழி, அடுத்த மழையில் தூர்ந்துவிடும். ஆகவேதான், வசந்த காலத்தில் ஒவ்வொரு காட்டிலும் எத்தனை செடிகள் பூக்கின்றன என்பதைக் கணக்கெடுத்து வைப்பது பாதுகாப்பின் முதல் படியாகிறது. உயிரியல் பன்முகத்தன்மைப் பதிவேடுகளைப் பராமரிக்கும் உள்ளூர்க் குழுக்கள் இப்பணியைத் தொடங்குவதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.